லூயிசா மிஸ் தூக்கிய கொடி

உள்ளறையிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது. வளையம் சுவரில் மோதி, தரையில் விழுந்து, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல அடங்குகிற சத்தம்.

டீ டம்ளரை உதட்டருகே கொண்டுபோன லூயிசா அப்படியே நிறுத்தினாள். வளையம் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, பிடிக்கப் போன கை எந்தப் பக்கம் தவறியது என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடக் கூடியவள் அவள். இருபது வருடங்களாக ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் கோச்சாக இருப்பவளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் இன்று அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது.

"கேக்கறீங்களா மிஸ்?" என்றாள் பாக்கியவதி. "விடிஞ்சதிலர்ந்து இதே கச்சேரிதான். பக்கத்து வூட்டுக்காரி வந்து, இன்னாமா, உள்ள பாத்திரக் கடை வெச்சுக்கினீங்களான்னு கேட்டுட்டுப் போறா."

அவளுடைய கணவன் மாணிக்கராஜ் பிளாஸ்டிக் நாற்காலியை லூயிசாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வாரத்தில் ஆறு நாளும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு கோடவுனில் சூப்பர்வைசர் வேலை பார்த்துவிட்டு வருபவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தன் வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பான்.

"எங்க பொண்ணு மமதாவுக்காக நாங்க மன்னிப்புக் கேட்டுக்கறோம் மிஸ்" என்றான். "போட்டில உங்க கண்ணு முன்னாடியே கோடு தாண்டி, உங்க மானத்த வாங்கிட்டா. நேரா உங்க வூட்டுக்கு வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். மூஞ்சி காட்ட வெக்கமா இருந்துச்சு."

லூயிசா டம்ளரைக் கீழே வைத்தாள். எவருடைய காலில் தான் விழ வேண்டுமோ அவர்கள் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். கடவுளே, இப்படியும் ஒரு தண்டனை உண்டா?

*

நந்திதுர்க் பக்கத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் லூயிசா மிஸ்ஸைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். சாயங்காலம் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் சர்ச்சுக்குச் சொந்தமான ஹாலில் பெண் பிள்ளைகளுக்குக் கோச். கோச் என்றால் விசில் ஊதிக்கொண்டு ஓரமாக நிற்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.

முதலில் ஹாலைப் பெருக்கித் துடைப்பாள். ஒரு சின்னக் கல் கிடந்தாலும் பிள்ளையின் பாதம் கிழியும். பிறகு ஒவ்வொருத்தியின் கணுக்காலையும் முட்டியையும் தொட்டுப் பார்ப்பாள். வலியை மறைப்பவளை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். உடம்பை வளைக்கிற பயிற்சியில் அழுகிறவளின் முதுகைத் தடவிக்கொண்டே பொய்க் கோபம் காட்டுவாள். ரிப்பன் சுருங்கிப் போனால் இஸ்திரி போடுவாள். வளையத்துக்குக் கலர் டேப் சுற்றுவாள். போட்டிக்கான உடுப்பில் ஒவ்வொரு கல்லாகத் தைத்துக் கோப்பாள். ஆட்டத்துக்கான பாட்டைப் போனில் வெட்டி ஒட்டுவாள். "இம்மாம் சின்னத் துணியப் போட்டுக்கினு என் பொண்ணு ஆடணுமா?" என்று கேட்கிற அப்பாக்களை வீடு வீடாகப் போய்ச் சமாதானப்படுத்துவாள். வயதுக்கு வந்த பிள்ளை பயந்துபோய் மூலையில் நின்றால் அதற்கும் அவள்தான். பெற்றவளிடம் சொல்ல முடியாததையெல்லாம் பிள்ளைகள் மிஸ்ஸிடம் வந்து சொல்லும்.

அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஊர் அதைப் பற்றிப் பேசியது. பிறகு பேசுவதை விட்டுவிட்டது. "உனக்குத்தான் சாயங்காலமானா ஹால் நிறையப் புள்ளைங்களாச்சே" என்று அவளுடைய கணவன் சைலஸ் சிரிப்பான். அவளும் சிரிப்பாள்.

ஹாலில் ஒரே ஒரு குறை. கூரை தாழ்வு. வளையத்தையும் பந்தையும் உயரமாக வீசி, கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்பாமலே பிடிக்க வேண்டிய ஆட்டம் இது. ஹாலில் வீசினால் கூரைத் தகரத்தில் இடித்துத் தலையில் விழும். அதனால் வீசுகிற பயிற்சிக்கு மட்டும் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போவாள். சுரங்கக் கழிவு மலைகளின் பக்கமிருந்து காற்று அடிக்கும். கண்ணைத் திறக்க முடியாது. அந்தக் காற்றில் வளையத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை எந்த ஸ்டேடியத்திலும் பிடிக்கும் என்பது லூயிசாவின் கணக்கு.

மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் சதுரம் போடுவாள். விளையாட்டின் விதிப்படி கோட்டை மிதித்தால் தப்பில்லை. கோட்டைத் தாண்டித் தரையைத் தொட்டால்தான் மதிப்பெண் குறையும். லூயிசாவின் மைதானத்தில் மட்டும் அது செல்லாது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்ட வேண்டும். சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் அவுட். "இங்க கோட்டத் தொடாதவ அங்க கோட்டத் தாண்ட மாட்டா" என்பாள். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். தெருவில் பாண்டி விளையாடினால்கூட உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அந்தப் பிள்ளைகளில் மமதா தனி. மாணிக்கராஜின் ஒரே மகள். பதின்மூன்று வயது. கை கால்கள் நீளம், பேச்சு குறைவு. வளையத்தை வீசிவிட்டு அதை அண்ணாந்து பார்க்கவே மாட்டாள். அது எங்கே வந்து இறங்கும் என்று அவளுடைய முதுகுக்குத் தெரியும். அவள் ஆடுவதை முதல்முதலாகப் பார்த்த நாளில் லூயிசா வீட்டுக்கு வந்து, சமைக்காமல், ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். ஏன் என்று சைலஸ் கேட்டான். "ஒரு பொண்ணு வந்துகீறா" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

*

போன மாதம் பெங்களூரில் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி நடந்தது. மூன்று பேருக்குத்தான் இடம். நடுவர்களில் சிலர் வராமல் போனதால், வந்திருந்த கோச்சுகளிலேயே நடுவர் தகுதிச் சான்றிதழ் உள்ளவர்களைப் பிடித்து உட்கார வைத்தார்கள். லூயிசாவுக்குக் கோட்டு நடுவர் வேலை கிடைத்தது. மைதான மூலையில் நாற்காலி, கையில் சிவப்புக் கொடி. ஆடுகிறவளின் காலோ வளையமோ கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மமதாவுக்கு முன்னால் ஆடிய ஒரு பெங்களூர்ச் சிறுமி கோட்டைத் தாண்டினாள். நன்றாகவே தாண்டினாள். லூயிசா கொடியைத் தூக்கினாள். சிறுமியின் அம்மா, கேலரியில் முதல் வரிசையில் இருந்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி கன்னடத்தில் கேட்டாள்:

"ஏன் மேடம், உங்க ஊர்ப் பொண்ணு வரும்போதும் இந்தக் கை தூக்குமா, இல்ல அப்ப மட்டும் வலிக்குமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லூயிசாவின் காது மடல்கள் சுட்டன. நேர்மைக்காரி என்று ஊரே சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்ட பெண் அவள். கடைக்காரன் தவறிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்க் கொடுப்பவள். அவளைப் பார்த்து இப்படி ஒரு சொல்.

அடுத்ததாக மமதா வந்தாள். பாட்டு தொடங்கியது. கடைசி வீச்சு. மேலே கூரையே இல்லாதது போல் வளையம் உயர்ந்து போனது. கீழே அந்தக் குழந்தை இரண்டு சுற்றுச் சுற்றி, தாவி, லூயிசா உட்கார்ந்திருந்த மூலைக்கே வந்து, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டினாள். வளையம் அந்தக் கைக்குள் வந்து உட்கார்ந்தது. இதற்காகத்தான் லூயிசா அத்தனை வருடங்கள் அந்த மைதானத்துக் காற்றில் நின்றாள்.

மமதாவின் கால் விரல்கள் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தன. மேல்தான். தாண்டவில்லை.

லூயிசா பார்த்தாள். பார்த்த பிறகும் அவளுடைய கை உயர்ந்தது.

மமதா நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அந்தக் கொடிக்காகக் குறைத்த புள்ளியை விடவும் குறைவு.

திரும்பி வருகிற ரயிலில் மமதா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆடும்போது போட்டிருந்த ஷூவை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டேடியத்துக் கோடு ஒட்டு டேப்பால் போட்டது. அதில் ஒட்டுவதற்குச் சுண்ணாம்பு ஏது?

"மிஸ், எவ்ளோ தாண்டிட்டேன்?" என்று கேட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. வந்தது ஒரே ஒரு சொல்.

"கொஞ்சம்."

அதற்குப் பிறகு மமதா ஹாலுக்கு வரவில்லை. லூயிசா ஆள் அனுப்பவுமில்லை, போன் செய்யவுமில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் கதவைப் பார்ப்பாள். பிள்ளை வரவில்லை என்று தெரிந்ததும் மனசு லேசாகும். ஐயோ, என் பிள்ளை வராததற்கு நான் நிம்மதிப்படுகிறேனே என்று அடுத்த நொடியே அந்த மனசு கூசும். ராத்திரி ஜெபத்தில் முட்டி போட்டால் வார்த்தை வராது. 'கைப்பழக்கம்தான், நம்ம மைதானத்தில் தொட்டாலே அவுட் இல்லையா, அந்தப் பழக்கத்தில் கை தானாக உயர்ந்துவிட்டது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். சொல்லிச் சொல்லி அதைப் பாதி நம்பியும்விட்டாள்.

இன்று சர்ச் முடிந்து வெளியே வந்தபோது பாக்கியவதி போனில் கூப்பிட்டாள். "மிஸ், ஒரு நட வூட்டுக்கு வர முடியுமா? ஒரு ஒத்தாசை" என்றாள். வராமல் இருக்கக் காரணம் கிடைக்கவில்லை.

*

"ஒத்தாசைன்னா வேற ஒண்ணியும் இல்ல மிஸ்" என்று மாணிக்கராஜ் தொடங்கினான். "இந்த ஆட்டத்த நிறுத்திடலாம்னு பாக்கறோம்."

லூயிசா நிமிர்ந்தாள்.

"அவ ஆடறதுல எனக்குப் பெருமதான். ரயில்ல எதிர்ல ஒக்காந்தவனாண்ட எல்லாம் அவ போட்டோவக் காட்டிகினு இருந்தவன் நான்."

"உண்மதான்" என்றாள் பாக்கியவதி. "கல்யாணப் போட்டோவக்கூட யார்கிட்டயும் காட்டுனதில்ல."

"அதுல நீ கோவமா மூஞ்ச வெச்சுகினு இருக்க, காட்டினா பயப்படுவாங்க." அவன் லேசாகச் சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சுருக்கிக்கொண்டான். "ஆனா மிஸ், அவ்ளோ முக்கியமான நேரத்துல கோடு எங்க இருக்குதுன்னு தெரியலன்னா, அவளுக்கு அந்தத் தெறம இல்லன்னுதானே அர்த்தம்? அதச் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறா. ராத்திரி பகல்னு உள்ள கதவச் சாத்திகினு குதிக்கிறா. கால் வீங்கிக் கெடக்குது. சோறு எறங்கல. நாங்க சொன்னா கேக்கல. நீங்க சொன்னா கேப்பா."

"நா இன்னா சொல்லணும்?" லூயிசாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பாக்கியவதி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போயி, போதும் கண்ணு, வுட்டுடு, உனக்கு இது சரியா வராதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மிஸ். உங்க வாயால சொல்லிட்டா அடங்கிடுவா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும்."

அந்தக் கை வெதுவெதுவென்று இருந்தது. லூயிசா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளறைக் கதவு வரை நடப்பது மலை ஏறுவது போல் இருந்தது.

அது சின்ன அறை. பீரோ, மடித்து வைத்த பாய்கள், அரிசி டிரம். நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மமதா சுவரோரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். வலது கணுக்கால் வீங்கியிருந்தது. அதன் மேல் அவளாகவே ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். மிஸ்ஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"மிஸ், பாருங்க மிஸ். இப்ப தாண்ட மாட்டேன்" என்றாள்.

வளையத்தைச் சுழற்றினாள். தாவினாள். அந்தத் தாவலில் பழைய நீளம் இல்லை. கோட்டுக்கு வெகு முன்னாலேயே கால் பயந்து தரையைத் தேடி இறங்கியது. முதுகால் பார்க்கிற பிள்ளை இப்போது தலையைக் குனிந்து காலையே பார்த்துக்கொண்டு ஆடினாள். கூட்டமாக இருக்கிற வீட்டுக்குள் அடி வாங்கிய நாய்க்குட்டி நுழைவது போல் அவளுடைய கால் தயங்கித் தயங்கித் தரையில் பட்டது. இறங்கியதும் பழக்கப்படி ஒற்றைக் காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினாள். சுத்தமான பாதம்.

"பாத்தீங்களா மிஸ்? கொஞ்சம்கூட இல்ல."

கொஞ்சம். அந்தச் சொல் திரும்பி வந்து அவளை அறைந்தது.

லூயிசா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சர்ச்சுக்குக் கட்டியிருந்த பட்டுப்புடவை சாக்பீஸ் கோட்டின் மேல் பரவியது. மாணிக்கராஜும் பாக்கியவதியும் பதறிப்போய் வாசற்படிக்கு வந்தார்கள்.

"மமதா, நீ அன்னிக்குத் தாண்டல" என்றாள் லூயிசா.

"இன்னா மிஸ்?"

"பெங்களூர்ல. உன் வெரலு கோட்டு மேலதான் இருந்துச்சு. நீ தாண்டல. நா தப்பாக் கொடி தூக்கிட்டேன்."

மமதா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். லூயிசா அவசரமாகத் தொடர்ந்தாள். வாரக் கணக்காகத் தனக்குச் சொல்லிக்கொண்ட சொற்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. "நம்ம கிரவுண்டுல தொட்டாலே அவுட் இல்லையா? அந்தக் கைப்பழக்கம். அங்க ரூல் வேறன்னு ஞாபகம் வரதுக்குள்ள கை போயிடுச்சு கண்ணு."

மமதாவின் முகம் தெளிந்தது. ஒரே நொடியில் தெளிந்தது. "ஆமா மிஸ்" என்றாள், தானே மிஸ்ஸுக்காக வாதாடுவது போல. "எனக்கும் அப்டித்தான். டேப்ப மிதிச்சதும் சுண்ணாம்புன்னு நெனச்சு காலப் பின்னாடி எடுத்துட்டேன். யாராருந்தாலும் பழக்கத்துல தூக்கிடுவாங்க. பரவால்ல மிஸ், அழாதீங்க."

வாசலில் பாக்கியவதி பெருமூச்சு விட்டாள். "ஐயே, இதுக்குத்தானா மிஸ் இவ்ளோ? கைப்பழக்கத்துக்கு இன்னா பண்றது" என்றாள்.

அதோடு முடிந்திருக்கலாம். அந்தப் பிள்ளை நீட்டிய மன்னிப்பை வாங்கிக்கொண்டு, அவளுடைய தலையைத் தடவிக் கொடுத்து, நாளையே ஹாலுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். மமதா குனிந்து மிஸ்ஸின் புடவையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட ஆரம்பித்தாள். அந்தச் சின்னக் கை புடவையில் பட்டதும் லூயிசாவின் உடம்பு கூனிக் குறுகியது. திருடியவளுக்கே பொருளைக் கழுவித் துடைத்துக் கொடுக்கிற கை அது.

"தட்டாத" என்றாள். "அது பொய்."

"எது மிஸ்?"

"கைப்பழக்கம்னு சொன்னது. நா நல்லாப் பாத்தேன் மமதா. நீ தாண்டலன்னு தெரிஞ்சுதான் தூக்கினேன். கேலரில ஒரு பொம்பள எழுந்து நின்னு, உன் ஊர்ப் பொண்ணுக்கு இந்தக் கை வலிக்குமான்னு கேட்டுட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நீ வந்து நின்னப்ப எனக்கு உன் கால் தெரியல, அவங்க சிரிச்சதுதான் தெரிஞ்சுது. தூக்கலன்னா என்ன இன்னா சொல்வாங்களோன்னு பயந்துட்டேன். அப்பால ரயில்ல நீ கேட்டப்ப கொஞ்சம்னு சொன்னேன். அதுவும் பொய்."

மமதாவின் கை பின்னால் போனது. அவள் நிமிர்ந்து நின்றாள். கேட்டபோது குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அந்த அம்மா யாரு மிஸ்?"

"தெரியாது."

"அவங்க பேரு?"

"தெரியாதும்மா."

"சிரிச்சவங்க?"

லூயிசா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அவங்க யாரையும் உங்களுக்குத் தெரியாது" என்றாள் மமதா. "என்னத் தெரியும்."

முகத்தை மூடிக்கொள்ளக்கூட அவளுடைய கைக்குத் தைரியம் வரவில்லை. ஊரெல்லாம் நேர்மைக்காரி என்று தூக்கிப் பிடித்த பெயர் கொஞ்சமும் அழுக்காகக் கூடாது என்று ஒரு குழந்தையின் காலைப் பிடித்து இழுத்துவிட்டாளே. நேர்மை என்று அவள் இத்தனை நாள் நினைத்தது இந்தப் பயத்தைத்தானா?

மாணிக்கராஜ் உள்ளே வந்தான். அவனுடைய முகத்தில் சற்று முன் இருந்த மரியாதை துடைத்துவிட்டது போல் போயிருந்தது. ஆனால் அவன் கத்தவில்லை.

"இத அங்க சொன்னீங்களா? மார்க்குப் போட்டவங்களாண்ட?"

"இல்ல."

"சொல்லுங்க. இப்ப. எங்க முன்னாடி."

லூயிசா போனை எடுத்தாள். தலைமை நடுவராக இருந்த அம்மாளின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். நடந்ததைக் கன்னடத்தில் ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"எதுக்கு லூயிசா இதையெல்லாம் கிளறுற? அணி போயாச்சு. இனிமே எதுவும் மாறாது. யாருக்கும் தெரியப் போறதில்ல, விடு."

"அந்தப் பொண்ணு வீட்டுலருந்துதான் பேசறேன் மேடம். அவங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க."

இந்த முறை குரலில் உறவு இல்லை. "அப்படின்னா எழுதிக் கொடுத்துடுங்க. கமிட்டியில வைக்கிறேன். ஆனா ஒண்ணு, இதுக்கப்புறம் உங்களை எந்தப் போட்டியிலும் நடுவரா உட்கார வைக்க முடியாது. உங்க கிளப்பைப் பத்தியும் பேச்சு வரும்."

"வரட்டும் மேடம்" என்றாள் லூயிசா.

போன் அணைந்தது. அறை இன்னும் சின்னதாகிவிட்டது போல் இருந்தது. பாக்கியவதி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மாணிக்கராஜ் மகளின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வீங்கிய கணுக்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான்.

"உனக்குத் தெறம இல்லன்னு அப்பா சொல்லிட்டேன்" என்றான் அவளிடம். குரல் உடைந்தது. "ஒரு வாரமா அதையே சொல்லிகினு இருந்தேன்."

"நீ நம்பின" என்றாள் மமதா. "நானும் நம்பினேன்."

"நிறுத்த வேணாம்மா. நீ ஆடு."

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். அப்பாவின் தோளில் கை வைத்து ஒற்றைக் காலில் நின்றவள், முதல் முறையாக அழ ஆரம்பித்தாள். பெரிதாகச் சத்தம் போட்டு அழவில்லை. தாண்டாத கோட்டுக்காக இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் இறங்குவது போல் அழுதாள்.

லூயிசா எழுந்து நின்றாள். கோச்சின் கண் அந்தக் கணுக்காலுக்குத்தான் போனது. ஐஸ் வைக்க வேண்டும், நாலைந்து நாள் குதிக்கக் கூடாது, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. சொல்ல உரிமை இருக்கிறதா என்று தெரியாமலே சொன்னாள். மாணிக்கராஜ் நிமிராமல் கேட்டுக்கொண்டான்.

"ஹால் தெறந்துதான் இருக்கும் மமதா" என்றாள் கடைசியாக. "என்னாண்ட வரணும்னு இல்ல. பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச நல்ல கோச் ஒருத்தங்க கீறாங்க. நீ சொன்னா நானே பேசறேன். உனக்கு எது இஷ்டமோ அது."

மமதா மூக்கை உறிஞ்சினாள். "இப்ப கேக்காதீங்க மிஸ்" என்றாள்.

"சரி."

"மிஸ்னு கூப்புட்டது பழக்கத்துல வந்துடுச்சு."

அந்தச் சொல்லுக்குப் பிறகு அங்கே நிற்க லூயிசாவால் முடியவில்லை. முன்னறைக்கு வந்தாள். பாதி குடித்த டீ ஆடை கட்டிப் போயிருந்தது. செருப்பை மாட்டும்போது கால் இரண்டு முறை தவறியது.

பாக்கியவதி பின்னாலேயே வந்தாள். எப்போது வந்தாலும் தெருமுனை வரை பேசிக்கொண்டே கூட வருபவள், இன்று நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். 'போயிட்டு வாங்க' என்று அவள் சொல்வாள் என்று லூயிசா ஒரு கணம் காத்திருந்தாள். பாக்கியவதியின் உதடுகள் அசைந்தன. அந்த 'வாங்க' வரவில்லை.

"பாத்து எறங்குங்க" என்றாள். "கீழ்ப்படி ஒடைஞ்சு கீது."

லூயிசா பார்த்து இறங்கினாள். வெயில் முகத்தில் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பாக்கியவதி கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. தூங்குகிற வீட்டில் சாத்துவது போல மெல்லச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.